பூம்பாறையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு, குடும்பத்தோடு 2 இரவு: திட்டம் சரியா சொல்லுங்கள்

பூம்பாறைப் பூண்டு:

வணக்கம். புரட்டாசியில் காலாண்டு விடுமுறை வருகிறது, அப்போது 2 இரவு கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா. சொந்த வண்டி.

ஆரம்பித்து வைத்தது மகள்தான். ஏதோ ஒரு காணொளியில் ஐரோப்பாவில் ஒரு ஆறு, இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக்கொடி, நடுவில் படகு போகிறது, அதைப் பார்த்துவிட்டு "இந்த மாதிரி நம்ம பக்கத்தில் ஒன்றும் இல்லையா அப்பா" என்று கேட்டாள். ஏன் இல்லை, நம் கொடைக்கானல் மலைக்குத் தெற்கே இறங்கினால் முல்லைப் பெரியாறு, இரண்டு பக்கமும் மலை, நடுவில் திராட்சை என்று சொல்லிவிட்டேன். அப்புறம் யோசித்தால் நானே அங்கே ஒரு தோட்டத்துக்குள் நின்று பார்த்ததில்லை. அப்பா இருந்தவரை பூண்டு மூட்டைகளை வடுகபட்டி சந்தைக்குக் கொண்டுபோவார், விலை நன்றாகக் கிடைத்த நாளில் ஒரு கூடை பன்னீர் திராட்சை வாங்கி வருவார், கூடையைப் பிரித்தால் வீடெல்லாம் வாசனை. எனக்குக் கம்பம் என்றால் அந்தக் கூடைதான்.

என் திட்டம் இது. முதல் நாள் அடுக்கம் வழியாகப் பெரியகுளம், கும்பக்கரை, வைகை அணை, இரவு கம்பம். இரண்டாம் நாள் சுருளி, திராட்சைத் தோட்டம், மாலையில் தேக்கடி. மூன்றாம் நாள் மேகமலை பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு. இதெல்லாம் முடியுமா? ஒயின் செய்யும் இடத்துக்குள் விடுவார்களா? மகள் அதையும் கேட்டிருக்கிறாள்.

காட்ரோடு ஓட்டுநர்:

முடியாது அண்ணே. வண்டி போய்விடும், வண்டிக்குள் இருக்கிறவர்கள் தாங்க மாட்டார்கள்.

இந்தப் பாதையில் 15 வருடமாக ஓட்டுகிறேன், நேரத்தை அப்படியே சொல்கிறேன். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் வரவே முக்கால் மணி, விடுமுறைக் கூட்டத்தில் சிக்கினால் ஒன்றேகால். கொடைக்கானலிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோடு ஒன்றரை மணிக்கு மேல். அங்கிருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாகத் தேனி ஒரு மணி. தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர், ஆனால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊருக்குள் ஊராக வரும், அதற்கும் ஒரு மணி. நிற்காமல் ஓட்டினாலே அரை நாள் போய்விட்டது, இதில் கும்பக்கரையும் வைகை அணையும் எங்கே செருகுவீர்கள்?

அடுக்கம் பாதை தூரம் குறைவு, இறங்கும்போது பள்ளத்தாக்கு தெரியும் அழகும் தனிதான். ஆனால் குறுகல், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும், மழை பெய்தால் மண் சரியும். அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு புரட்டாசியில் அந்தப் பக்கம் வேண்டாம். முதல் நாள் ராத்திரி பெருமாள்மலையில் யாரையாவது கேட்டு, பாதை காய்ந்திருக்கிறது என்று சொன்னால் மட்டும் பாருங்கள். காட்ரோடு வழியில் டம்டம் பாறையில் நிறுத்துங்கள், தலையாறு அருவி எதிரே தெரியும், மேலே மழை பெய்திருந்தால் அந்த வெள்ளைக் கோடு நீளமாக விழும். அம்மாவுக்குத் தலை சுற்றல் உண்டென்றால் காலையில் வயிறு முட்டச் சாப்பிட விடாதீர்கள், ஒரு இட்லி போதும், முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

திரும்பும்போது வெளியூர்ச் சொந்தக்காரர் வண்டியும் கூட மேலே வருவதாக இருந்தால் அவர்கள் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. நமக்குப் பழகிவிட்டது, கீழே இருந்து வருகிறவர்களுக்குத் தெரியாமல் சோதனைச் சாவடியில் நிற்பார்கள்.

கே.கே.பட்டி மருமகள்:

காமயகவுண்டன்பட்டியில் வாழ்க்கைப்பட்டு வந்து 19 வருடம். மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர். அதனால் திராட்சையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒயின். நாசிக் பக்கம் போல ஆலைக்குள் சுற்றிக் காட்டி, சுவைக்கக் கொடுத்து, அங்கேயே தங்க வைக்கும் ஏற்பாட்டை எதிர்பார்த்து வராதீர்கள். ஒயினுக்கும் ஜூஸுக்கும் ஜாமுக்கும் இந்தப் பழம் போகிறது, ஆனால் விளைவதில் பெரும்பகுதி அப்படியே சாப்பிடுவதற்குத்தான், லாரி லாரியாகக் கேரளாவுக்கு ஏறுகிறது. உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டியது ஆலை இல்லை, பந்தல்.

பந்தல் என்றால் கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை மாதிரி இழுத்துக் கட்டி, கொடியை அதன்மேல் படர விட்டிருப்போம். கீழே நடந்தால் தலைக்கு மேலே கூரை மாதிரி இலை, அதில் கொத்து கொத்தாகக் கறுப்புப் பழம் தொங்கும். வெயில் வெளியே கொளுத்தும், உள்ளே குளிர்ச்சி. காலை 7 மணிக்கு உள்ளே போனால் இலையிடுக்கில் வெளிச்சம் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொன்று, எங்களுக்கு வருடம் முழுக்கப் பழம் உண்டு. மற்ற ஊர்களில் ஒரு பருவம்தான். இங்கே கொடியை வெட்டிக் கவாத்து செய்து நான்கு மாதத்தில் அறுவடை, ஒருவர் இந்த மாதம் வெட்டினால் பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த மாதம் வெட்டுவார். ஒரே சாலையில் மொட்டைக்கொடி, பூ, பிஞ்சு, பழம் நான்கையும் பார்க்கலாம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் இந்த விஷயத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்திருக்கிறதே, அதனால் சொன்னால் புரியும்.

குழந்தைகள் கை நீட்டிப் பறித்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செவட்டை, சாம்பல் நோய் வராமல் இருக்க மருந்து அடிக்காமல் இந்தப் பயிர் நிற்காது. இலையில் நீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது நோய்க்கு அடித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும். தோட்டக்காரரைக் கேட்டு, பறிக்கத் தயாரான கொத்தை வாங்கி, நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்.

சுருளிப்பட்டியிலிருந்து சுருளி போகும் சாலையில் இரண்டு பக்கமும் தோட்டம்தான். கூடலூர், குமுளி சாலையில் பயணிகள் நின்று படம் எடுக்கும் தோட்டங்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புரட்டாசி என்கிறீர்கள், நாட்காட்டியில் மகாளய அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவிட்டு அந்த நாளை விட்டுவிடுங்கள். சுருளியில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், குழந்தைகளைக் குளிக்க வைக்க முடியாது.

மொசெல் கரையில் இருந்தவன்:

பழனிதான் சொந்த ஊர், வேலைக்காக ஜெர்மனியில் கோப்லென்ஸில் 2 வருடம் இருந்தேன். உங்கள் மகள் பார்த்த காணொளி ரைன் அல்லது மொசெல் ஆறாக இருக்கும். அதைப் பற்றிச் சொன்னால் அவளுக்குக் கம்பம் இன்னும் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

அங்கே வெயில்தான் அரிது. அதனால் திராட்சையைச் சமவெளியில் வைக்காமல், ஆற்றைப் பார்த்த செங்குத்துச் சரிவில் தெற்குப் பக்கம் பார்த்து நடுகிறார்கள், சாய்ந்து விழும் வெயில் நேராகப் படும். மண்ணெல்லாம் பலகைக்கல், பகலில் சூடு வாங்கி ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். பிரெம் என்ற ஊரில் கால்மோன்ட் என்று ஒரு சரிவு, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைச் சரிவுகளில் ஒன்று, நான் ஏறியிருக்கிறேன், கையைத் தரையில் ஊன்றாமல் சில இடத்தில் நிற்க முடியாது. குளிர்காலத்தில் கொடி இலை உதிர்ந்து தூங்கிவிடும். வருடத்துக்கு ஒரே அறுவடை, புரட்டாசி ஐப்பசி வாக்கில்.

கம்பத்தில் எல்லாம் தலைகீழ். வெயில் மிச்சம், அதனால் பந்தல் போட்டு இலையையே பழத்துக்குக் குடையாக்குகிறார்கள். குளிர்காலம் இல்லாததால் கொடி தானாகத் தூங்காது, கத்தரிக்கோல் பட்டால்தான் புதுத் தளிரும் பூவும் வரும். சகோதரி சொன்ன கவாத்து அதுதான். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, அங்கே ஏன் தரையில் நிற்கிறது, இங்கே ஏன் தலைக்கு மேலே என்று அவளையே கேளுங்கள், 11 வயதுக்குக் கண்டுபிடித்துவிடுவாள்.

பன்னீர் ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க், ஒரு ஜெர்மன் ஊர்ப் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அந்த மயில்துத்தக் கலவைக்குப் போர்டோ கலவை என்று பெயர், பிரான்சில் திராட்சைக்குப் பேர்போன போர்டோ பகுதியில் 1880களில் செவட்டை நோய்க்காகவே கண்டுபிடித்தது. கம்பத்தில் ஒரு கொடியின் கீழே நின்றால் இவ்வளவு தூரம் பேசலாம்.

படகு மட்டும் கிடையாது. முல்லையாற்றில் மொசெல் மாதிரி கப்பல் போகாது.

தாண்டிக்குடி காபி:

எல்லாம் சரி, மேகமலையை விட்டுவிடாதீர்கள். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே ஹைவேவிஸ் அணையும் தேயிலையும் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் வந்து என்ன பயன்?

காட்ரோடு ஓட்டுநர்:

தாண்டிக்குடி அண்ணே, உங்களுக்குக் காபித் தோட்டம், அவர்களுக்குப் பூண்டு வயல், இரண்டு பேரும் மேகத்துக்குள்ளேயே இருக்கிறவர்கள். ஒரு மலையிலிருந்து இறங்கி இன்னொரு மலை ஏறி, அதிலிருந்து இறங்கித் திரும்ப நம் மலை ஏறுவதா, அதுவும் ஒரே நாளில்? மேலே போக மட்டும் 2 மணி நேரம். புலிகள் காப்பகம் என்பதால் மாலைக்கு மேல் சாவடியைத் தாண்ட விட மாட்டார்கள். மேகமலைக்கென்று தனியாக ஒரு முறை போகட்டும்.

கே.கே.பட்டி மருமகள்:

அதேதான் நானும் சொல்ல வந்தேன். பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் பள்ளத்தாக்கிலேயே இருங்கள். தேக்கடி போனால் ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்பதிலேயே போய்விடும், படகு ஏறித் திரும்புவதற்குள் சாயங்காலம். அதற்குப் பதில் லோயர்கேம்ப் வரை வாருங்கள். மலையிலிருந்து நான்கு பெரிய குழாய்கள் மின்நிலையத்துக்கு இறங்குவது சாலையிலிருந்தே தெரியும். அந்தத் தண்ணீர்தான் எங்கள் சோறு. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895இல். அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் அங்கேதான், பக்கத்திலேயே. இங்கே நிறைய வீட்டில் அவர் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும், பையன்களுக்கு அவர் பெயரும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் திராட்சையை மட்டும் காட்டினால் பாதிதான் காட்டியதாகும். ஜூனில் தண்ணீர் திறந்திருந்தால் புரட்டாசியில் முதல் போக நெல் கதிர் பிடித்து நிற்கும், உத்தமபாளையம் வழியில் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னை, அதற்குப் பின்னால் மலை.

ஆற்றில் கண்ட இடத்தில் இறங்காதீர்கள், இழுப்பு மேலே தெரியாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் இருக்கும்போது மட்டும்.

பூம்பாறைப் பூண்டு:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தேக்கடி, மேகமலை, வைகை அணை மூன்றையும் எடுத்துவிட்டேன். கும்பக்கரை, வழியில் நேரம் இருந்தால்.

ஆனால் ஒரு விஷயம் நேர்மாறாகிவிட்டது. மகாளய அமாவாசையை விட்டுவிடுங்கள் என்ற வரியைப் படித்ததும் அம்மா "அந்த நாளில்தான் போக வேண்டும்" என்றார். அப்பா காலமாகி இது மூன்றாவது வருடம். சுருளிக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம், சந்தை நாளும் அறுவடையும் மாறி மாறி வந்து போக முடியவில்லை. இத்தனை நாள் எங்களிடம் அம்மா இதைச் சொன்னதே இல்லை. இனி நாங்கள் அதை மாற்றுவதாக இல்லை. கூட்டத்தில் 68 வயது அம்மாவை எப்படி அழைத்துப் போவது என்று மட்டும் வழி சொல்லுங்கள்.

கே.கே.பட்டி மருமகள்:

அப்படியென்றால் வாருங்கள், அதைவிட நல்ல காரணம் இல்லை.

முந்தின நாள் மாலைக்குள் கம்பம் வந்துவிடுங்கள். சுருளி அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். விடியும்போதே கிளம்பிவிட வேண்டும், 9 மணிக்கு மேல் வண்டி ஊர்ந்துதான் போகும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நடை இருக்கிறது, அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு, வழுக்காத செருப்பு. தர்ப்பணம் ஆற்றங்கரையில், ஐயர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், எள்ளும் தர்ப்பையும் அங்கேயே கிடைக்கும். அருவிக்கு மேலே ஏற வேண்டாம், கீழே ஓடும் தண்ணீரை அம்மா தலையில் தெளித்துக்கொண்டால் போதும். யானை நடமாட்டம் என்றாலோ வெள்ளம் வந்தாலோ வனத்துறை அருவியை அடைத்துவிடும், அதனால் குளியலை நம்பிக் குழந்தைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். 10 மணிக்குள் அறைக்குத் திரும்பி எல்லோரும் தூங்குங்கள். மலைக்காரர்களுக்கு எங்கள் மதிய வெயில் ஆகாது.

திராட்சைக்கு மறுநாள் காலை. எங்கள் தோட்டத்துக்கே வாருங்கள், தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன். மாமனாருக்கு உங்கள் பூண்டு பிடிக்கும்.

பூம்பாறைப் பூண்டு:

போய் வந்துவிட்டோம். நேற்று ராத்திரிதான் வீடு சேர்ந்தோம், மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காட்ரோடு வழிதான் போனோம். பெருமாள்மலையில் கேட்டதில் அடுக்கம் பக்கம் முந்தின நாள் மழை என்றார்கள். டம்டம் பாறையில் மேகம் அடைத்துக்கொண்டு அருவி தெரியவில்லை, திரும்பும்போது தெரிந்தது. வடுகபட்டியில் ஐந்து நிமிடம் நிறுத்தினேன். சந்தை நாள் இல்லை, கடைகளெல்லாம் சாத்தியிருந்தன, ஆனாலும் அம்மா இறங்கி அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். வீரபாண்டியில் ஆற்றங்கரையில் கொண்டுபோன எலுமிச்சைச் சாதம். கும்பக்கரையை யாரும் கேட்கவே இல்லை.

அமாவாசை அன்று விடியும் முன்பே சுருளிக்கு அருகில் போய்விட்டோம். அப்போதே நிறையப் பேர். எங்கள் முறை வர அரை மணி ஆனது. மந்திரத்தைத் திருப்பிச் சொல்லும்போது அப்பா பெயர் வந்த இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது, ஐயர் காத்திருந்து இரண்டாவது முறை சொல்லிக்கொடுத்தார். அம்மா பின்னால் கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருவியில் குளிக்கவில்லை. மகன் கால் நனைத்தான், அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பும்போது எதிரே வந்த வண்டி வரிசையைப் பார்த்ததும் சீக்கிரம் கிளம்பச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்தது. மதியம் உண்மையிலேயே எல்லோரும் தூங்கினோம், மாலையில் லோயர்கேம்ப். மண்டபத்தில் அணை கதையை மகனுக்கு மகள் சொன்னாள், நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் தோட்டம். என்ன சொல்வது, பந்தலுக்குள் குனிந்து நுழைந்து நிமிர்ந்ததும் அப்பா கூடையின் வாசனை. கூடையில் வந்தது ஒரு துளி, இங்கே காற்றே அதுதான். மகள் மொசெல் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உங்கள் மாமனார் ஐயா கவாத்துக் கத்தரியைக் கையில் கொடுத்து, வெட்டப்போகும் பக்கத்துக் கொடியில் ஒரே ஒரு கிளையை வெட்ட விட்டார். எந்தக் கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார். நான்கு மாதத்தில் அந்தக் கணுவிலிருந்து பழம் வரும் என்றார். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு வருத்தம். கிளம்பும்போது 8 கிலோ வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுப் பின்னால் வைத்தேன். மேலே வந்து திறந்தால் அடி வரிசை முழுக்க நசுங்கிச் சாறாகிவிட்டது. அப்பா எப்படித்தான் அவ்வளவு தூரம் முழுசாகக் கொண்டு வந்தாரோ?

காட்ரோடு ஓட்டுநர்:

பின்னால் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி உருளும் அண்ணே. அப்பா லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் காலடியில் வைத்திருப்பார்.

கே.கே.பட்டி மருமகள்:

தோல் மெல்லிசு, பன்னீர் தாங்காது. அட்டைப்பெட்டி வேண்டாம், காற்றோட்டமான கூடை. அடியில் வைக்கோல் அல்லது செய்தித்தாள், இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், காம்பு மேலே பார்த்த மாதிரி. பனி காய்ந்த பிறகு பறித்ததை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கட்டினால் மேலே போய் மூன்று நாள் இருக்கும். நசுங்கியதைத் தூக்கிப் போடாதீர்கள், விதையை வடித்துச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வையுங்கள்.

அவள் வெட்டிய கிளைக்கு மாமனார் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். தை கடைசியில் வந்தால் சரியாக இருக்கும்.

பூம்பாறைப் பூண்டு:

தை கடைசி, வார நாள், வருகிறோம். கூடை இப்போதே வாங்கிவிட்டேன். ஐயாவுக்குப் பூண்டு எத்தனை கிலோ வேண்டும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.